வாசகர் கேள்வி – பதில்: போரோடு வந்து போரோடு போகாதவை

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, இன்று நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் பல அரசு ஏற்பாடுகள் இரண்டாம் உலகப் போரின்போது பிறந்தவை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் இந்த மாதப் பகுதி முழுவதும் அதற்கே.

இரண்டாம் உலகப் போர் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் பசிபிக்கிலும் நடந்தது. இந்தியா அப்போது அடிமை நாடு. அப்படியிருக்க நம் அரசாங்கம் எப்படி மாறியிருக்க முடியும்? (போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவி, விழுப்புரம்)

நிறையவே மாறியது, அதுவும் முதல் நாளிலேயே. 1939 செப்டம்பர் 3-ஆம் தேதி பிரிட்டன் ஜெர்மனி மீது போர் அறிவித்தது. அதே நாளில் வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியாவும் போரில் இருக்கிறது என்று அறிவித்துவிட்டார். மத்திய சட்டசபையை அவர் கேட்கவில்லை, மாகாணங்களில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மந்திரிசபைகளையும் கேட்கவில்லை. இந்தியப் பாதுகாப்பு அவசரச் சட்டமும் அன்றே வந்தது, அந்த மாத இறுதிக்குள் அது முழுச் சட்டமாகிவிட்டது. அதன் கீழ் வந்த விதிகள் தொடாத விஷயமே இல்லை என்று சொல்லலாம். பத்திரிகைத் தணிக்கை, ஆட்களை விசாரணையின்றிக் காவலில் வைப்பது, வண்டி, கட்டடம், நெல் எதை வேண்டுமானாலும் கையகப்படுத்துவது, விலை நிர்ணயம் எல்லாமே ஒரே சட்டத்துக்குள் வந்தன.

இதை எதிர்த்து காங்கிரஸ் மந்திரிசபைகள் பதவி விலகின. சென்னை மாகாணத்தில் ராஜாஜி 1939 அக்டோபர் இறுதியில் விலகினார். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் பாடப்புத்தகங்கள் சரியாகச் சொல்வதில்லை. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் 93-ஆம் பிரிவைப் பயன்படுத்தி கவர்னரே ஆட்சியை எடுத்துக்கொண்டார். கவர்னரும் அவருடைய ஆலோசகர்களான ஐ.சி.எஸ். அதிகாரிகளும் சட்டசபை இல்லாமல் 1946 ஏப்ரலில் பிரகாசம் மந்திரிசபை பதவியேற்கும் வரை இந்த மாகாணத்தை நடத்தினார்கள். ஆறரை ஆண்டு! 1937-ல் ஓட்டுப் போட்டவர்கள் அடுத்து ஓட்டுப் போட்டது 1946-ல். டெல்லி மத்திய சட்டசபையின் கதை இன்னும் மோசம். 1934-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை 1945 வரை நீட்டித்து நீட்டித்து ஓட்டப்பட்டது.

இந்த அதிகாரி ஆட்சி எடுத்த முடிவுகள் எல்லாம் போர் சம்பந்தப்பட்டவை என்று நினைத்துவிடாதீர்கள். ராஜாஜி அரசு கொண்டுவந்த கட்டாய இந்தியை 1940 பிப்ரவரியில் ரத்து செய்தவர் கவர்னர் எர்ஸ்கின். சேலத்தில் 1937-ல் தொடங்கி வேறு சில மாவட்டங்களுக்கும் பரவியிருந்த மதுவிலக்கைப் போரின் நடுவில் நிறுத்திவைத்ததும் இதே ஆட்சிதான். ஒரு முடிவு உங்களுக்குப் பிடித்ததாக இருக்கலாம், இன்னொன்று பிடிக்காததாக இருக்கலாம், ஆனால் இரண்டையும் எடுத்தவர்கள் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாதவர்கள். எனக்கு அதுதான் கவலைக்குரிய விஷயமாகப் படுகிறது.

தேர்வுக்கு உதவும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1943 ஏப்ரலில் தல்படே வழக்கில், ஆட்களைக் காவலில் வைக்கப் பயன்படுத்திய 26-ஆம் விதி செல்லாது, அது மூலச் சட்டம் கொடுத்த அதிகாரத்தைத் தாண்டிப் போகிறது என்று, அன்று இந்தியாவுக்குள் இருந்த உயர்ந்த நீதிமன்றமான டெல்லி ஃபெடரல் கோர்ட் தீர்ப்பளித்தது. போர் உச்சத்தில் இருக்கும்போது, தலைமை நீதிபதி மாரிஸ் க்வையர் என்ற ஆங்கிலேயரே இப்படிச் சொன்னார். அரசு என்ன செய்தது? அந்த மாதம் முடிவதற்குள் அவசரச் சட்டம் போட்டு, மூலச் சட்டத்தையே ஆரம்ப நாளிலிருந்து திருத்திவிட்டது. தீர்ப்பு வந்தும் உள்ளே இருந்தவர்கள் உள்ளேயே இருந்தார்கள்.

போருக்கான செலவை பிரிட்டன் கொடுத்ததா, இந்தியா கொடுத்ததா? இரண்டு விதமாகவும் படித்திருக்கிறேன். (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், காரைக்குடி)

இரண்டுமே சரிதான், அதைப் புரிந்துகொண்டால் போர்க்காலப் பொருளாதாரமே புரிந்துவிடும். நீங்கள் வங்கியில் இருந்தவர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1939 நவம்பரில் லண்டனுக்கும் டெல்லிக்கும் ஒரு நிதி ஒப்பந்தம் ஆனது. இந்தியாவின் வழக்கமான ராணுவச் செலவையும், இந்தியாவின் பாதுகாப்புக்கென்றே ஆகும் செலவையும் இந்தியா ஏற்கும், இந்திய வீரர்களை ஆப்பிரிக்காவுக்கும் மேற்காசியாவுக்கும் அனுப்புவது போன்ற மற்ற செலவை பிரிட்டன் ஏற்கும். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரிட்டன் கையில் அப்போது காசு இல்லை. அதனால் இந்தியாவில் வாங்கிய சணல் மூட்டைக்கும், சீருடைத் துணிக்கும், பூட்ஸுக்கும், தானியத்துக்கும் உரிய தொகையை லண்டனில் ரிசர்வ் வங்கியின் கணக்கில் பவுண்டாக வரவு வைத்தது. அந்த வரவைக் காட்டி ரிசர்வ் வங்கி இங்கே ரூபாய் நோட்டு அடித்து வியாபாரிகளுக்கும் வீரர்களுக்கும் கொடுத்தது. பொருள் கப்பலேறிப் போய்விட்டது, அதற்குண்டான பணம் மட்டும் ஊருக்குள் சுற்றியது. போர் தொடங்கும்போது 200 கோடிக்கும் குறைவாக இருந்த நோட்டுப் புழக்கம் 1945-ல் 1,100 கோடியைத் தாண்டிவிட்டது. விலைவாசி இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது.

ஆக, ஏட்டில் கொடுத்தது பிரிட்டன். அன்றைக்கு உண்மையில் கொடுத்தது, ஐந்து ரூபாய் கூலியில் முன்பு வாங்கிய அரிசியில் பாதிகூட வாங்க முடியாமல் போன இந்தியக் கூலித் தொழிலாளி. விலையேற்றம் என்பது சட்டசபையில் ஓட்டெடுப்பு இல்லாமல் போடப்படும் வரி. அது ஏழையிடம் அதிகமாகப் பிடுங்கும், சரக்கைப் பதுக்கி வைக்க இடமும் முதலும் இருப்பவனிடம் பிடுங்காது. போரால் கூடிய லாபத்தின் மேல் அரசு 'அதிக லாப வரி' என்று ஒன்றைப் போட்டது உண்மைதான். 1940-ல் 50 சதவீதம், மறு ஆண்டு மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் மில்களின் லாபம் போன வேகத்தோடு ஒப்பிட்டால் இந்த வரி நடந்துதான் வந்தது.

போர் முடிந்தபோது லண்டன் நமக்குத் தர வேண்டிய பாக்கி சுமார் 130 கோடி பவுண்டு. காலம் காலமாக இந்தியா பிரிட்டனுக்குக் கடன்பட்ட நாடாக இருந்து, ஆறே வருடத்தில் பிரிட்டன் இந்தியாவுக்குக் கடன்பட்ட நாடாகிவிட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு பல வருடங்களாக இந்தப் பாக்கி சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டு, தானிய இறக்குமதிக்கும் இயந்திரங்களுக்கும் செலவானது. அந்தச் சேமிப்பு 1943-ல் பட்டினி கிடந்தவர்களின் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை எந்தக் கணக்குப் புத்தகமும் பதிவு செய்யாது, நாம்தான் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

காசும் மாறியது. மக்கள் வெள்ளி ரூபாயை வீட்டில் பதுக்க ஆரம்பித்ததும், தேவைக்கு மேல் சில்லறை சேர்ப்பதையே 1940-ல் குற்றமாக்கினார்கள். ரூபாயில் இருந்த வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள், விக்டோரியா தலை போட்ட பழைய வெள்ளி ரூபாயைத் திரும்பப் பெற்றார்கள், ஒரு ரூபாய் நோட்டைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

1943 வங்கப் பஞ்சத்துக்குப் போர் காரணமா, புயல் காரணமா? (ஆசிரியர், நாகப்பட்டினம்)

புயல் உண்டு. 1942 அக்டோபரில் மிதுனாப்பூர் பகுதியை ஒரு கொடும் புயல் அடித்து, நெற்பயிரை நாசமாக்கியது. புயல் பார்த்த ஊர்க்காரர் நீங்கள், அது என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் புயல் மட்டும் சுமார் முப்பது லட்சம் பேரைக் கொல்லாது. (அரசு நியமித்த விசாரணைக் கமிஷனே பதினைந்து லட்சம் என்றது, பின்னால் வந்த ஆய்வாளர்கள் பலர் அதைப்போல இரண்டு மடங்கு என்கிறார்கள்.)

1942-ல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்ததும், ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் வந்துகொண்டிருந்த பர்மா அரிசி ஒரேயடியாக நின்றது. அடுத்து ஜப்பான்காரன் வங்கக் கடற்கரையில் இறங்கினால் அவனுக்கு எதுவும் கிடைக்கக்கூடாது என்று, கரையோர மாவட்டங்களிலிருந்து மிச்ச நெல்லை அரசே வெளியே எடுத்தது. பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகளைப் பறித்து அழித்தது அல்லது அப்புறப்படுத்தியது. கிழக்கு வங்கத்தில் ஆறுதான் சாலை. படகு போனால் மீனவனுக்குத் தொழில் போச்சு, வியாபாரிக்குச் சரக்குப் போக்குவரத்து போச்சு. அப்புறம் மாகாணங்கள் ஒவ்வொன்றும் தன் எல்லையை மூடிக்கொண்டு, அரிசி வெளியே போகக்கூடாது என்றன. கல்கத்தாவில் போர்த் தளவாடத் தொழிற்சாலைகளின் தொழிலாளிகளுக்கும் அரசு ஊழியர்களுக்கும் முன்னுரிமையில் அரிசி கொடுத்தார்கள், கிராமத்து நிலமற்ற கூலிக்கு யாரும் முன்னுரிமை தரவில்லை. மேலே சொன்ன நோட்டுப் பெருக்கத்தால் அரிசி விலை அவன் எட்டாத உயரத்துக்குப் போனது. உதவிக்குக் கப்பல் கேட்டபோது லண்டன் போதுமான கப்பல் தரவில்லை.

இதில் ஒவ்வொரு முடிவுக்கும் 'போர்த் தேவை' என்று ஒரு காரணம் எழுதப்பட்டிருந்தது, தனித்தனியாகப் படித்தால் நியாயம்போலவும் தெரியும். அத்தனையும் சேர்ந்து ஒரே மாகாணத்தின் ஏழைகள் தலையில் விழுந்தபோது, அதைச் சட்டசபையில் தட்டிக் கேட்டவர்களின் பேச்சுக்கு வலு இல்லை, பத்திரிகைகளுக்குத் தணிக்கை இருந்தது. எனவே என் பதில் போர் நிர்வாகம் என்பதுதான். புயல் அதற்கு வழி திறந்து விட்டது.

ரேஷன் கடையும் போர்க்கால வரவு என்று எழுதியிருந்தீர்கள். நம்ப முடியவில்லை. (இல்லத்தரசி, மதுரை)

நம்பலாம் அம்மா. 1943-ல் பம்பாயில் முறையான ரேஷன் தொடங்கியது, சென்னை உட்பட மற்ற நகரங்களுக்குப் பரவியது. அந்த ஆண்டு கூடிய உணவு தானியக் கொள்கைக் குழு பெரிய நகரங்களில் ரேஷன் கட்டாயம் என்று பரிந்துரைத்தது. வங்காளத்தில் நடந்தது மற்ற மாகாணங்களில் நடக்காமல் தடுத்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு, இதை மனமாரச் சொல்ல வேண்டும். ஒரு குடும்பத்தில் எத்தனை தலை என்று எண்ணி, பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே அளவு, ஒரே விலை என்று அரிசி கொடுத்தது நம் நாட்டில் அதற்கு முன் நடக்காத காரியம்.

போர் முடிந்தும் ரேஷன் போகவில்லை. 1947 கடைசியில் காந்தியடிகள் கட்டுப்பாடுகளை எடுக்கச் சொன்னார், எடுத்தார்கள். விலை ஏறியது, 1948-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1952 ஜூனில், சென்னை மாகாண முதல்வராக மறுபடி வந்திருந்த ராஜாஜி ஒரே அடியாக அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கினார். 1939-ல் போரால் பதவியை விட்டவர், பதின்மூன்று ஆண்டு கழித்துப் போர்க்கால ஏற்பாட்டை முடித்துவைத்தார் என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் அதுவும் முழுசாக முடியவில்லை. அறுபதுகளில் தானியத் தட்டுப்பாடு வந்தபோது கடையும் அட்டையும் திரும்பி வந்தன. இன்று நீங்கள் பார்க்கும் கடை, போர் விட்டுப்போன கட்டமைப்பின் மேல், தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுகள் ஓட்டுக்குப் பயந்தும் மக்கள் மேல் அக்கறையோடும் கட்டியது. போர் தந்தவற்றுள் நான் முழு மனதோடு வரவேற்பது இது ஒன்றைத்தான்.

அந்தக் காலத்துச் சட்டங்களில் எவையெல்லாம் இன்றும் இருக்கின்றன? (இளம் வழக்கறிஞர், கோயம்புத்தூர்)

உங்கள் கேள்வியைப் பார்த்ததும் மகிழ்ச்சியாக இருந்தது, ஏனென்றால் முக்கியமான இடம் இதுதான். இந்தியப் பாதுகாப்புச் சட்டம் போர் நடக்கும் வரைக்கும், அதற்குப் பின் ஆறு மாதத்துக்கும்தான் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. அதன்படி 1946 செப்டம்பர் 30-ஆம் தேதி அது காலாவதியானது. ஆனால் அதற்குள் அதிகாரிகளுக்கு அந்த அதிகாரங்கள் கைக்குப் பழகிவிட்டன. அந்தத் தேதி நெருங்க நெருங்க, ஒவ்வொரு அதிகாரத்துக்கும் தனித்தனியாக ஒரு புதுச் சட்டம் தைத்துக் கொடுத்தார்கள்.

சி.பி.ஐ.யை எடுத்துக்கொள்ளுங்கள். போர்த் தளவாடக் கொள்முதலில் லஞ்சம் பெருகியதால் 1941-ல் போர்த் துறையின் கீழ், லாகூரைத் தலைமையிடமாக வைத்து, ஒரு சிறப்புப் போலீஸ் பிரிவை அமைத்தார்கள். போர் முடிந்ததும் கலைக்கவில்லை. 1946-ல் டெல்லி சிறப்புப் போலீஸ் அமைப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது. 1963-ல் அதற்கு சி.பி.ஐ. என்று பெயர் வைத்தார்கள். இன்றும் சி.பி.ஐ. நிற்பது அந்த 1946 சட்டத்தின் மேல்தான். ஒரு மாநிலத்துக்குள் விசாரிக்க அந்த மாநிலத்தின் ஒப்புதல் வேண்டும் என்ற பிரிவும் அதில் இருப்பதுதான், அதைக் காட்டித்தான் தமிழ்நாடு 2023 ஜூனில் தன் பொது ஒப்புதலைத் திரும்பப் பெற்றது. நாட்டின் முதன்மைப் புலனாய்வு அமைப்புக்குச் சுதந்திர இந்தியா இன்னும் தனியாக ஒரு முழுச் சட்டம் எழுதவில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டத்தின் வேரும் அங்கேதான். வெள்ளையனே வெளியேறு இயக்கத்தை நசுக்க லின்லித்கோ 1942 ஆகஸ்ட் 15-ஆம் தேதி, படை அதிகாரிகளுக்குச் சுடும் அதிகாரம் கொடுத்து ஓர் அவசரச் சட்டம் போட்டார். சரியாக ஐந்து ஆண்டு கழித்து அதே தேதியில் நாடு விடுதலை பெற்றது, ஆனால் அந்தச் சட்டத்தின் சாயல் 1958-ல் அசாமுக்கும் மணிப்பூருக்கும் என்று நம் நாடாளுமன்றமே இயற்றிய சட்டத்தில் திரும்பி வந்தது. அதைப் பயன்படுத்தியவர்களுக்கு அதன் நியாயம் இருக்கலாம், ஆனால் வெள்ளைக்காரன் நம்மைச் சுட எழுதிய சட்டத்தை முன்மாதிரியாக வைத்து நம் மக்களுக்கே ஒன்று எழுதியதை எப்படிச் சுற்றி வந்து பார்த்தாலும் என்னால் ஏற்க முடியவில்லை.

வணிகச் சட்டப் பக்கம் போனால், 1946-ல் அத்தியாவசியப் பொருள் வழங்கலுக்கு வந்த சட்டத்தின் தலைப்பிலேயே 'தற்காலிக அதிகாரங்கள்' என்று இருந்தது. அரசியலமைப்பு எழுதும்போது 369-ஆம் பிரிவில் அதற்கு ஐந்து ஆண்டு கொடுத்தார்கள், அதுவும் முடியப்போகும்போது அரசியலமைப்பையே திருத்தி, 1955-ல் நிரந்தரமான அத்தியாவசியப் பொருட்கள் சட்டமாக்கினார்கள். வெளிநாட்டுப் பணக் கட்டுப்பாடு 1939 செப்டம்பரில் போர் விதியாக வந்து, 1947-ல் சட்டமாகி, 1973-ல் இன்னும் கடுமையாகி, 1999-ல்தான் தளர்ந்தது. ஒரு கம்பெனி பங்கு வெளியிட வேண்டுமானால் அரசிடம் அனுமதி கேட்க வேண்டும், என்ன விலைக்கு வெளியிடலாம் என்பதையும் அரசே சொல்லும் என்று 1943-ல் வந்த விதி 1992 வரை உயிரோடு இருந்தது. நாற்பத்தொன்பது ஆண்டு! வீட்டு வாடகைக் கட்டுப்பாடும் போர்க்கால ஆணைதான். படைகளும் அலுவலகங்களும் நகரங்களில் குவிந்ததால் வாடகை ஏறியது, அதைத் தடுக்க வந்தது. சென்னையில் அது 1946-லும் பிறகு 1960-லும் சட்டமாகி, 2019-ல் புது வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வரும் வரை கோர்ட்டில் வழக்குகளைக் குவித்துக்கொண்டே இருந்தது. உங்கள் சீனியரிடம் கேட்டுப் பாருங்கள், பாதி வாழ்க்கை அதில்தான் போயிருக்கும்.

விசாரணையில்லாக் காவலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 26-ஆம் விதி போய், 1950-ல் தடுப்புக் காவல் சட்டம், 1971-ல் மிசா என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், 1980-ல் தேசியப் பாதுகாப்புச் சட்டம். 1950 சட்டத்தை எதிர்த்து முதல் பெரிய வழக்குத் தொடுத்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன், சென்னை மாகாணத்தின் சிறையில் இருந்துதான் அதைத் தொடுத்தார்.

போர் வந்தால் பெண்களுக்குப் புது வாய்ப்புகள் திறக்கும், சாதி வேறுபாடு குறையும் என்கிறார்களே? (கல்லூரி மாணவர், திருச்சி)

ஓரளவு உண்மை, ஆனால் அந்த வாக்கியத்தை அப்படியே விழுங்க வேண்டாம். 1942-ல் பெண்கள் துணைப்படை அமைந்தது, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்தார்கள். எழுத்தர், தொலைபேசி, குறியீடு பிரித்தல் என்று அவர்கள் சீருடையோடு வேலை செய்தது அன்றைக்குப் பெரிய விஷயம். இதே போர், இன்னொரு பக்கம், என்ன செய்தது தெரியுமா? நிலக்கரிச் சுரங்கத்துக்குள் பெண்களை இறக்கக்கூடாது என்று இருந்த தடையை, ஆள் பற்றாக்குறை என்று சொல்லி 1943-ல் நீக்கியது. 1946-ல்தான் தடை திரும்ப வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஆயிரக்கணக்கான ஏழைப் பெண்கள், பெரும்பாலும் பழங்குடியினரும் ஒடுக்கப்பட்ட சாதியினரும், பூமிக்கு அடியில் கரி சுமந்தார்கள். படித்த பெண்ணுக்கு வாய்ப்பு திறந்தது, படிக்காத பெண்ணுக்கு ஏற்கெனவே கிடைத்திருந்த பாதுகாப்பு பறிபோனது.

ராணுவத்தில் சாதிக் கணக்கு அசைந்தது உண்மை. தென்னிந்தியர்கள் போர்க்குணம் இல்லாதவர்கள் என்று ஒரு கொள்கையை வைத்துக்கொண்டு, சென்னை ரெஜிமெண்டின் காலாட்படைகளை முதல் உலகப் போருக்குப் பின் படிப்படியாகக் கலைத்திருந்தார்கள். 1941-க்குப் பின் ஆள் தேவைப்பட்டதும் அந்தக் கொள்கையை ஓரம் வைத்துவிட்டு, ரெஜிமெண்டை மறுபடி எழுப்பினார்கள். இரண்டு லட்சம் பேர் இருந்த இந்திய ராணுவம் இருபத்தைந்து லட்சமானது. அத்தனை பேரும் தாமாகச் சேர்ந்தவர்கள் என்று பெருமையாக எழுதுவார்கள். அதில் எத்தனை பேர் வயிற்றுக்காகச் சேர்ந்தார்கள் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

தொழிலாளர் பக்கம் நல்லது நடந்தது, அதற்கு ஒரு மனிதர் காரணம். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தவர் அம்பேத்கர். அரசு, முதலாளி, தொழிலாளி மூவரும் ஒரே மேசையில் உட்காரும் முத்தரப்பு மாநாடு 1942-ல் தொடங்கியது. ஆலைகளில் வாரத்துக்கு 48 மணி நேர வேலை என்ற திருத்தம் 1946-ல் வந்தது. வேலைவாய்ப்பு அலுவலகம் தெரியும் அல்லவா, படிப்பு முடித்ததும் போய்ப் பதிந்துவிட்டு வருவோமே, அதுவும் 1945-ல் படையிலிருந்து வீடு திரும்பும் லட்சக்கணக்கான வீரர்களுக்கு வேலை தேடித்தர உண்டான துறையிலிருந்து வந்ததுதான்.

சென்னை நகரமே 1942-ல் காலியானது என்று தாத்தா சொல்வார். உண்மையா? (மென்பொருள் ஊழியர், சென்னை)

உண்மை. அந்த ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் 5-ஆம் தேதி கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், 9-ஆம் தேதி திருகோணமலையிலும் குண்டு போட்டன. அடுத்தது சென்னைதான் என்று பீதி கிளம்பி, லட்சக்கணக்கானவர்கள் கிடைத்த ரயிலிலும் மாட்டு வண்டியிலும் சொந்த ஊருக்குப் போனார்கள். அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. மிருகக்காட்சிசாலையில் இருந்த சிங்கம், புலி முதலியவற்றை, குண்டு விழுந்தால் கூண்டு உடைந்து வெளியே வந்துவிடும் என்று பயந்து சுட்டுக் கொன்றார்கள். பயந்தபடி எதுவும் நடக்கவில்லை, சில மாதங்களில் மக்கள் திரும்பினார்கள். அதே சமயத்தில் பர்மாவிலிருந்து நாலைந்து லட்சம் இந்தியர்கள், அதில் நம் தமிழர்கள் ஏராளம், காடும் மலையும் தாண்டி நடந்தே வந்தார்கள். வழியில் இறந்தவர்கள் பல்லாயிரம். தாத்தாவிடம் இன்னும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

போர் சமயத்தில் அரசைக் கேள்வி கேட்பது நாட்டுக்குச் செய்யும் துரோகம் இல்லையா? நீங்கள் எழுதுவதைப் பார்த்தால் எல்லாக் காலத்திலும் கேட்கச் சொல்வீர்கள் போலிருக்கிறது. (முன்னாள் ராணுவ வீரர், வேலூர்)

ஆமாம் ஐயா, எல்லாக் காலத்திலும் கேட்கத்தான் சொல்வேன். படை எங்கே நிற்கிறது என்று கேட்கச் சொல்லவில்லை. அந்தப் படைக்குக் குளிர் தாங்கும் உடுப்பும் நல்ல துப்பாக்கியும் போனதா என்று கேட்கச் சொல்கிறேன். உங்களைப் போல எல்லையில் நின்றவருக்கு அந்த வித்தியாசம் என்னைவிட நன்றாகவே தெரியும்.

1940 மே மாதம், நார்வேயில் தோற்றுக்கொண்டிருந்தபோது, பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இரண்டு நாள் உட்கார்ந்து தன் பிரதமரைக் கிழித்தது. சேம்பர்லெய்ன் ஓட்டெடுப்பில் வென்றார், ஆனால் பெரும்பான்மை 81 ஆகச் சுருங்கியது. இரண்டே நாளில் சர்ச்சில் பிரதமரானார். அந்தக் கேள்விகள் அந்த நாட்டைப் பலவீனமாக்கவில்லை. நம் நாட்டிலும் அப்படி ஒன்று நடந்தது. 1962-ல் சீனப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே நாடாளுமன்றத்தைக் கூட்ட வேண்டும் என்று வாஜ்பாய் போன்ற எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கேட்டார்கள், நேரு ஒப்புக்கொண்டார். நவம்பர் 8 முதல் பகிரங்க விவாதம் நடந்தது. ராணுவ அமைச்சர் பொறுப்பை அதற்கு முன்பே இழந்திருந்த கிருஷ்ண மேனன், முந்தின நாள் மந்திரிசபையை விட்டே வெளியேறினார். அது அவையின் அழுத்தத்தால், சொந்தக் கட்சிக்காரர்களின் அழுத்தத்தால் நடந்தது.

அந்தப் போருக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சண்டை ஒரு மாதத்தில் முடிந்தது. 1962 அக்டோபர் 26-ல் அறிவித்த நெருக்கடி நிலை 1968 ஜனவரி 10 வரை நீடித்தது. அந்நியச் செலாவணி தங்கத்தில் போகிறது என்று 1963 ஜனவரியில் பாதுகாப்பு விதிகளின் கீழ் தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது என்றார் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய். திருமணத்துக்குத் தாலி செய்யும் பத்தர் அன்று பட்ட பாட்டை நம் ஊர்களில் இன்னும் பெரியவர்கள் சொல்வார்கள். லட்சக்கணக்கான பொற்கொல்லர்கள் வேலையிழந்தார்கள், தற்கொலைகள் நடந்தன. 14 காரட் விதி சில ஆண்டில் போனது, ஆனால் தங்கக் கட்டுப்பாடு 1968-ல் தனிச் சட்டமாகி 1990 வரை இருந்தது. எல்லையில் ஒரு மாதம் நடந்த சண்டைக்காக ஊருக்குள் இருபத்தேழு ஆண்டு கட்டுப்பாடு. அப்புறம் 1971 டிசம்பரில் பாகிஸ்தான் போருக்காக அறிவித்த நெருக்கடி நிலை, போர் இரண்டே வாரத்தில் முடிந்தும், 1977 மார்ச் வரை எடுக்கப்படவில்லை. 1975-ல் அதன் மேலேயே இன்னொரு நெருக்கடி நிலையை ஏற்றியபோது முதலாவது இன்னும் அமலில்தான் இருந்தது. பலருக்கு இது நினைவில்லை. போர் முடிந்த மறுநாளே அதை எப்போது எடுப்பீர்கள் என்று எல்லோரும் விடாமல் கேட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

போருக்காக ரயில் பாதைகளையே பெயர்த்து எடுத்தார்கள் என்பது உண்மையா? (ரயில் ஆர்வலர், சேலம்)

உண்மைதான். இரும்பு தேவைப்பட்டதால் வருமானம் குறைந்த கிளைப் பாதைகளைக் கழற்றினார்கள். நம் பக்கத்தில் ஷொரனூர் – நிலம்பூர் பாதை அப்படிப் போய், ஐம்பதுகளில்தான் திரும்ப வந்தது. இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்குப் பாதையின் ஒரு பகுதிக்கும் அதே கதி, 1954-ல் மீண்டது. கடிகாரத்தைக்கூட விடவில்லை. 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை இந்திய நேரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடியது.

பாட்டியின் டிரங்குப் பெட்டியில் நடுவில் ஓட்டை போட்ட செப்புக் காசுகள் நிறைய இருக்கின்றன. போர்க்காலக் காசா? விலை போகுமா? (வாசகி, கும்பகோணம்)

போர்க்காலக் காசுதான். செம்பை மிச்சப்படுத்த 1943-ல் நடுவில் ஓட்டை போட்டு வெளியிட்ட காலணா அது, 1947 வரை அச்சிட்டார்கள். கோடிக்கணக்கில் அடித்தது என்பதால் பெரிய விலை எதிர்பார்க்க வேண்டாம். புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், சேகரிப்பாளர்கள் பளபளப்பாக்கிய காசைத் தொடவே மாட்டார்கள். ஆண்டு வாரியாகப் பிரித்துப் பாருங்கள், வெவ்வேறு ஆண்டுகள் கிடைத்தால் ஒரு வரிசையாக வைத்துக்கொள்ளலாம்.